அடுக்களைப் புகையும் அகத்தின் அக்கினியும்

உண்ணாமலும் உழைக்காமலும் கண் விழித்துப் படுத்திருக்கும் ஒருவருடைய சரீரத்தில் எவ்வளவு அக்கினி எரிகிறது என்ற கேள்வியை, வைத்திய சாஸ்திரத்துக்கு மாத்திரமே உரியதென்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. ஈரல், மூளை, இருதயம், சிறுநீரகங்கள் ஆகிய இவை எடையில் சொற்பமாயிருந்தும், ஓய்வு நிலைச் செலவில் பாதிக்கு மேல் தாமே எரித்துத் தீர்க்கின்றன என்றறியும்போது, சும்மா இருக்கச் சொன்ன நம் ஞானிகள் தேகத்தை உத்தேசித்துச் சொல்லவில்லை என்பது தெளிவு. கீதையின் 15ஆம் அத்தியாயத்தில் பகவான், பிராணிகளின் தேகத்தில் அன்னத்தைப் பக்குவம் செய்யும் வைசுவானரனாகத் தம்மைக் கூறிக்கொள்கிறார். மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானிலே கந்த சஷ்டி விரதமிருக்க விரும்பும் நீரிழிவுக்கார அம்மையார் ஒருவருக்கோ, அந்த வைசுவானரன் நாளொன்றுக்கு எத்தனை கலோரி கேட்கிறான் என்பதை ஒரு சூத்திரம் சொல்லிவிடுகிறது.

அது அறிவா, ஊகமா?

மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் நியாய சாஸ்திரத்து நையாயிகர், புகையும் நெருப்பும் சேர்ந்தே காணப்படும் அடுக்களையைத் திருஷ்டாந்தமாகக் காட்டுவார். எடை, உயரம், வயது, ஆண் பெண் பேதம் என்னும் அடையாளங்களிலிருந்து உள்ளே எரியும் நெருப்பைக் கணிப்பதும் அனுமானமே; ஆனால் இதற்கு அடுக்களை எங்கே இருந்தது என்று கேட்பாரில்லை. ஹாரிஸ், பெனடிக்ட் இருவரும் 1919இல் வெளியிட்ட சூத்திரத்துக்கு அடுக்களையாயிருந்தோர் அமெரிக்காவில் அளக்கப்பட்ட 136 ஆண்களும் 103 பெண்களும். 1985இல் உலகச் சுகாதார நிறுவனம் முதலியவை ஏற்ற சூத்திரங்களுக்கு ஆதாரமான அளவுகளில் ஏறக்குறையப் பாதி இத்தாலியருடையவை. அடையாளத்துக்கும் நெருப்புக்கும் அங்கே கண்ட நீங்காத் தொடர்பை, அதாவது வியாப்தியை, கிள்ளான் பள்ளத்தாக்கின் தேகங்கள்மேல் ஏற்றினால் என்ன ஆகும்? மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்து இஸ்மாயில் நோரும் அவர் சகாக்களும் 656 மலேசியரை அளந்து 1998இல் விடை தந்தனர்: அந்த உலகச் சூத்திரங்கள் ஆண்களுக்குச் சராசரி 13 சதவீதமும் பெண்களுக்கு 9 சதவீதமும் மிகையாகவே கணிக்கின்றன. 60 கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணுக்கு உலகச் சூத்திரம் 1575 கலோரி என்கிறது; மலேசியச் சூத்திரம் 1363 என்கிறது. ஒரு கோப்பைச் சோறு காணாமற் போகிறது!

உள்ளூர் அடுக்களை கிடைத்துவிட்டதே, இனி அனுமானம் பழுதற்றது என்று திருப்திப்படுவோரோடு நான் உடன்படேன். நெருப்பிருக்குமிடமெல்லாம் புகையிருக்கும் என்பது பொய், ஈர விறகு சேர்ந்தால்தான் புகை என்று காட்டி, அதனை உபாதி என்றார்கள் தர்க்கநூலார். இங்கும் ஓர் உபாதி மறைந்து நிற்கிறது. எரிப்பதில் பெரும்பங்கு கொழுப்பு நீங்கிய தசையும் உறுப்புகளுமே; எடை காட்டும் கருவியோ கொழுப்பையும் கொழுப்பல்லாததையும் பிரித்தறியாது. ஒரே எடையும் ஒரே வயதுமுடைய இரு பெண்களில், ரப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவருக்கும் நாற்காலியை விட்டு எழாதவருக்கும் சூத்திரம் ஒரே எண்ணைத்தான் தரும். சாமானியத்தை அறிந்ததனால் விசேஷத்தை அறிந்ததாகாது. நூற்றுக்கணக்கானோரின் சராசரி, எதிரே அமர்ந்திருக்கும் இந்த அம்மையாரின் பெயரை அறியாது.

பிரத்தியட்சமாக அளக்க வழி உண்டு. இரவு முழுதும் உபவாசமிருந்து, காலையில் அசையாமல் படுத்து, உள்ளிழுக்கும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் கருவிக்குக் கொடுக்க வேண்டும். சாஸ்திரம் விதிக்கும் இந்த நியமம் விரதத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறதென்று நான் சொல்லாமலே விளங்கும். அந்தக் கருவியோ எல்லாக் கிளினிக்கிலும் கிடையாது. ஆகையால் அம்மையாருக்குத் தரப்படும் எண்ணை உள்ளூர்ச் சூத்திரத்தால் கணித்து, சஷ்டியின் ஆறு நாளும் அவருடைய இரத்தச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்வதே தக்கது. மருந்தின் அளவை வைத்தியரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளட்டும்.