அறிவின் விலை ஒரு கோடியா?

அறிவுக்கு விலை குறிக்க முடியுமா? குறித்தால் உயர்வது அறிவா, விலையா? சின்னத்திரையில் கோடி ரூபாய் வினாக்கள் ஒலிக்கத் தொடங்கியபின் இக்கேள்வி அறிஞர் அவைக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமக்கும் உரியதாகிவிட்டது.

ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் காண்போம். 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' கல்லூரி மாணவர்களின் வினாடி வினாவை நாடறியச் செய்தது. பின்னர் அவரது சினர்ஜி நிறுவனம் பி.பி.சி. வேர்ல்டு அலைவரிசைக்காக 'மாஸ்டர்மைண்ட் இந்தியா'வைத் தயாரித்தது. கற்றவர் என்னும் பெயரே அங்குப் பெரும் பேறு. 2000 ஜூலை 3 அன்று அதே நிறுவனத்தின் தயாரிப்பான 'கௌன் பனேகா குரோர்பதி' அமிதாப் பச்சனுடன் தொடங்கியது. 1998-இல் பிரிட்டனில் பிறந்த போட்டியின் இந்திய வடிவம் அது. 2012-இல் நடிகர் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வாயிலாக அது தமிழ் பேசியது. பெயருக்காக நடந்த போட்டி, பன்னிரண்டே ஆண்டுகளில் நம் வீட்டு முற்றத்திற்குப் பணத்தின் பெயரோடு வந்து சேர்ந்தது.

இதை வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நீதியாகாது. பழைய அரங்கில் பெரும்பாலும் பெருநகரக் கல்லூரிகளே பேசின; புதிய அரங்கில் எளியோரும் அமர்ந்தனர். பீகாரின் மோத்திகாரியில் மாதம் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் ஊதியம் பெற்ற சுசீல் குமார் 2011-இல் ஐந்து கோடி ரூபாய் வென்றார். வாய்ப்பற்றவருக்கு ஒரு கதவு திறந்ததை நாம் குறைகூற இயலாது.

எனினும் பணம் பெருகும்போது சோதனையும் பெருகும். அமெரிக்காவில் பாரி–என்ரைட் நிறுவனம் 1956-இல் தொடங்கிய 'ட்வென்டி ஒன்' போட்டியில், சிலருக்கு விடைகள் முன்கூட்டியே அளிக்கப்பட்டன. வெற்றியாளராகக் கொண்டாடப்பட்ட சார்ல்ஸ் வான் டோரன் 1959-இல் நாடாளுமன்றக் குழுமுன் உண்மையை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அத்தகைய மோசடி சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. வீட்டில் அமர்ந்து பார்த்தவர் எவரும் ஒரு காசும் இழக்கவில்லை. ஆயினும் மக்கள் வெகுண்டனர். ஏன்? அவர்கள் இழந்தது நம்பிக்கை. கற்றவன் வெல்வான் என்னும் நம்பிக்கை களவுபோனால், கற்க விரும்பும் பிள்ளைக்கு நாம் என்ன விடை சொல்வோம்?

நம் நாட்டிலும் வேறொரு கேள்வி எழுந்தது. 2007-இல் குரோர்பதி நிகழ்ச்சியோடு இணைந்து பார்வையாளருக்கு நடந்த போட்டியில் ஒரு குறுஞ்செய்திக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு கட்டணம். பரிசுப் பணம் அக்கட்டணத்திலிருந்தே வருகிறது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. போதிய சான்றில்லை என உச்சநீதிமன்றம் பின்னர் அதை நீக்கியது. சட்டத்தின் கேள்வி அத்துடன் முடிந்தது. மனச்சான்றின் கேள்வி முடியவில்லை: வென்றவரின் முகத்தைக் கண்டு மகிழும் நாம், நம்பிக்கையோடு காசு செலுத்தித் தோற்ற பலரை எண்ணிப் பார்க்கிறோமா?

இன்னும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. நம் நாகல் நகரிலும் குடைப்பாறைப்பட்டியிலும் கையாலேயே பூட்டுச் செய்து வாழ்ந்த தொழிலாளரை நாம் அறிவோம். ஒரு பூட்டின் சாவி மற்றொன்றைத் திறவாதபடி நெம்புகளை அமைப்பது அவர்தம் அறிவு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இயந்திரப் பூட்டுகளின் போட்டியில் அத்தொழில் நலிந்தே நிற்கிறது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் அறிவுக்குக் கோடி தரும் சமுதாயம், வாழ்நாளெல்லாம் கையில் பழகிய அறிவுக்குப் போதிய கூலியும் தரத் தயங்குகிறது.

ஆகவே குற்றம் பரிசில் இல்லை; பரிசையே அளவுகோலாக்குவதில் இருக்கிறது. விடை தெரியாததால்தான் ஏழை ஏழையாய் இருக்கிறான் என்று ஒரு விளையாட்டு நமக்குக் கற்பிக்குமானால், அது நேர்மையாக நடந்தாலும் நம்மை ஏமாற்றியதேயாகும். வென்றவரை வாழ்த்துவோம், நிகழ்ச்சி முடிந்தபின், நம் தெருவில் உழைக்கும் அறிவுக்கு உரிய விலையைக் கொடுக்கிறோமா என்று நம்மை நாமே வினவுவோம். அவ்வினாவுக்கு நான்கு விடைகள் தரப்படுவதில்லை.