ஒருமுறை பார்த்த நிலம்

1

இரவு பத்தரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் புதுப்பித்த பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் வட்டமாகக் கொஞ்சம் புல்தரை. அதில் ஒரு டவுன் சென்டர், மூன்று வில்லேஜர்கள், குதிரைமேல் ஓர் ஒற்றன். கையிருப்பு உணவு 200, மரம் 200, தங்கம் 100, கல் 200. 1999இல் இந்த விளையாட்டு வெளிவந்தபோதும் இதே கையிருப்புதான். இத்தனை ஆண்டுகளில் என் கையிருப்பு என்னென்னவோ ஆகிவிட்டது. இந்த நான்கு எண்கள் மட்டும் அப்படியே காத்திருக்கின்றன.

முதலில் இதைப் பார்த்தது ஒரு பிரௌசிங் சென்டரில். பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே நான்கு நண்பர்கள். ஒருவன் கோட்டை விழுந்தால் அடுத்த தடுப்பிலிருந்து சத்தம் கேட்கும். அந்த நாட்களிலிருந்து எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் போர்தான். மதிலை இடிக்கும் கல்லெறிப் பொறி, வரிசையாக வரும் வில்லாளிகள், எரியும் வீடுகள். அதைத் தேடித்தான் திரும்பி வந்திருக்கிறேன்.

2

முதல் வேலை, ஆடுகளைத் தேடுவது.

டவுன் சென்டரைச் சுற்றி நான்கு செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். மற்றவற்றை ஒற்றன் கண்டுபிடித்து ஓட்டிவர வேண்டும். ஓர் ஆட்டில் 100 உணவு. வெட்டிய ஆடு கெட்டுப்போகத் தொடங்கிவிடும் என்பதால் எல்லோரையும் ஒரே ஆட்டில் உட்கார வைக்க வேண்டும். அது தீர்ந்த பிறகே அடுத்தது. ஒரு புது வில்லேஜருக்கு உணவு 50, காலம் 25 நொடி. ஐந்து பேருக்கு ஒரு வீடு, அதற்கு மரம் 25. வீடு கட்ட மறந்தால் புதிதாக யாரும் வரமாட்டார்கள்.

பிறகு காட்டுப்பன்றி. அதில் 340 உணவு. ஆனால் அது ஆளைக் கொல்லும். ஒரு வில்லேஜரைத் தனியாக அனுப்பி, இரண்டு அம்பு விட்டவுடன் திரும்பி ஓடச் செய்ய வேண்டும். பன்றி துரத்திக்கொண்டு வரும். அவர் டவுன் சென்டருக்கு வந்து சேரும் நேரத்துக்கு மற்றவர்கள் வில்லோடு தயாராக நிற்க வேண்டும். அவர் ஓடிவரும் அந்தப் பத்து நொடியும் இன்றைக்கும் என் விரல் மௌஸின் மேல் இறுகித்தான் இருக்கிறது. அவருக்குப் பெயர் கிடையாது. இருந்தாலும் பத்திரமாக வந்து சேர வேண்டும்.

அடுத்த காலகட்டத்துக்குப் போக உணவு 500. அதைச் சேர்த்து முடிக்கும்போது ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடியிருக்கிறது. அதுவரை என்னிடம் ஒரு படைவீரன்கூட இல்லை. ஆடு, பழம், விறகு, வீடு, வயல் மட்டுமே. போர் விளையாட்டு என்று நான் நினைவில் வைத்திருந்தது, பெரும்பகுதி ஒரு கிராமத்தைப் பராமரிக்கும் வேலை.

3

இந்த விளையாட்டின் நிலம் மூன்று வகை. போகாத இடம் முழுக் கறுப்பு. நம் ஆள் ஒருவர் இப்போது நிற்கும் இடம் முழு வெளிச்சம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய இடம் மங்கலாகத் தெரியும்.

இதில் மூன்றாவதுதான் ஆழமானது. மங்கலில் கிடக்கும் நிலம், கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். அங்கே மரங்களை எல்லாம் வெட்டியிருப்பார்கள். என் வரைபடத்தில் அது இன்னும் காடு. எதிரி புதிதாகக் கோட்டை எழுப்பியிருப்பான். எனக்கு அது இன்னும் வெறும் புல்வெளி. மறுபடி ஓர் ஆளை அனுப்பினால்தான் மரங்கள் மறையும், கோட்டை தோன்றும்.

மங்கலை நம்பிப் படை நடத்தித் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ. பொய் சொல்லி என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததை இப்போதும் உண்மை என்று எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நம் நினைவும் இந்த மங்கல் நிலம்தான். பிரௌசிங் சென்டரில் விளையாடிய போரை இருபது ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருந்தேன். இன்று திரும்பப் போய்ப் பார்த்தால் அங்கே வயல் இருக்கிறது.

4

புதுப்பித்த பதிப்பு 2019 நவம்பரில் வந்தது. வரைபடத்தை நெருங்கிப் பார்க்கலாம். கூரையின் ஓடுகள்கூடத் தெரிகின்றன. அன்றைக்குக் கட்டடம் விழுந்தால் சட்டென்று இடிபாடாக மாறிவிடும். இன்று சுவர் சரிகிறது, உத்தரம் முறிகிறது, கல் உருள்கிறது. இடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் கை தயங்கும்படி செய்திருக்கிறார்கள்.

என் மனம் நின்றது வேறோர் இடத்தில், வயலில். ஒரு வயல் போட மரம் 60. அதிலிருந்து கிடைப்பது 175 உணவு. 1999இல் வயல் தீர்ந்துபோனால் வில்லேஜர் அங்கேயே சும்மா நிற்பார். போர் நடந்துகொண்டிருக்கும்போதும் ஓடிப்போய் மறுபடி விதைக்கச் சொல்ல வேண்டும். 2000இல் வந்த 'கான்கரர்ஸ்' விரிவாக்கத்தில், மறுவிதைப்புக்கு ஆலையிலேயே முன்கூட்டிச் சொல்லிவைக்கும் வசதி வந்தது. இப்போது மரம் இருக்கும்வரை வயல் தானாகவே விதைத்துக்கொள்கிறது.

நல்ல மாற்றம்தான். ஆனாலும் அந்தப் பழைய நச்சரிப்பில் ஒரு பாடம் இருந்தது. எவ்வளவு பெரிய படை நடத்தினாலும் நடுவில் திரும்பிப் பார்த்து, யார் வேலையில்லாமல் நிற்கிறார் என்று கேட்க வேண்டும். விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் சும்மா நிற்பவரிடம் திரை போய் நிற்கும். அந்தப் பழக்கம் மட்டும் விரலைவிட்டுப் போகவில்லை.

5

இந்த விளையாட்டை உருவாக்கிய 'என்செம்பிள் ஸ்டுடியோஸ்' அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் இருந்தது. அந்தக் காலத்து இணைய இணைப்பு, நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள மோடம். அதன் வழியாக நூற்றுக்கணக்கான வீரர்களின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி அனுப்புவது நடக்காத காரியம். அவர்கள் கண்ட வழி இதுதான்: இருப்பிடத்தை அனுப்பாதே, கட்டளையை மட்டும் அனுப்பு. ஆடுகிறவர்களின் கணினிகள் ஒவ்வொன்றும் அந்த உலகம் முழுவதையும் தனித்தனியாக நடத்தும். ஒரே கட்டளைகள் ஒரே வரிசையில் போய்ச் சேருவதால் எல்லாக் கணினிகளிலும் ஒரே உலகம் நடக்கும். ஒன்றில் எங்கோ ஒரு மான் வேறு பக்கம் திரும்பினாலும் இரண்டு உலகங்களும் பிரிந்துவிடும், ஆட்டம் நின்றுபோகும்.

அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் ஒரே போரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தோம். உண்மையில் நான்கு தடுப்புகளுக்குள் நான்கு போர்கள், இம்மி பிசகாமல் ஒன்றுபோல நடந்துகொண்டிருந்தன. நட்பும் அப்படித்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவரவர் உலகம் அவரவருக்குள். இடையில் ஓரிரு சொற்கள்தான் போய்வந்தன. அவை சரியாகப் போய்ச் சேர்ந்தவரை சேர்ந்திருந்தோம்.

6

பழைய வரலாற்று ஆட்டங்களை வரிசையாக மறுபடி ஆடுகிறேன். ஜோன் ஆஃப் ஆர்க் கதையின் முதல் ஆட்டத்தில் வேலை, அந்தப் பெண்ணைச் சில வீரர்களோடு சினோன் நகரத்துக்குப் பத்திரமாக அழைத்துப்போவது. கடைசி ஆட்டம் நடப்பது 1453இல் காஸ்டியோன் போரில். அவள் எரிக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவள் இல்லாமல்தான் வெற்றி வருகிறது. பார்பரோசா மன்னர் 1190இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தவர். அவர் கதையின் கடைசி ஆட்டத்தில், பீப்பாயில் வைத்த அவருடைய உடலை வண்டியில் ஜெருசலேமுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

சின்ன வயதில் இவற்றை வெற்றிகளாக எண்ணி முடித்தேன். இப்போது பார்த்தால் இரண்டும் இழப்பின் கதைகள். அன்று வேகவேகமாகத் தட்டித் தள்ளிவிட்டுப் போன முன்னுரைக் குரலை இன்று இறுதிவரை கேட்டேன்.

7

1999இல் இந்த விளையாட்டில் தேர்ந்து ஆட இருந்தவை 13 நாகரிகங்கள். 'கான்கரர்ஸ்' ஐந்தைச் சேர்த்தது. அதன்பிறகு பல ஆண்டுகள் புதிதாக எதுவும் வரவில்லை. 2009இல் நிறுவனமே மூடப்பட்டது. விளையாட்டை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ரசிகர்கள்தான். அவர்களில் சிலர் தாங்களாகவே உருவாக்கிய சேர்க்கை, 2013இல் அதிகாரபூர்வமான விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. அந்தக் குழுவேதான் பின்னால் 2019 பதிப்பை உருவாக்குவதிலும் முன்நின்றது. அப்போது நாகரிகங்கள் 35 ஆகியிருந்தன. ஒன்றை நேசிப்பவர்கள் அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். இதற்கு மேல் ஒரு சாட்சி எனக்கு வேண்டாம்.

2013இல் இந்தியா முழுவதும் 'இந்தியர்கள்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கியிருந்தது. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அதை இந்துஸ்தானிகள், வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று நான்காகப் பிரித்தது. திராவிடர்களுக்குச் சுருள்வாள் வீரர்கள் உண்டு; 'திரிசடை' என்ற பெரும்போர்க்கப்பல் உண்டு. 'ஊட்ஸ்' எஃகு அவர்களுக்கே உரிய தொழில்நுட்பம்; அது கைவந்துவிட்டால் அவர்களுடைய காலாட்படை, குதிரைப்படையின் அடிக்கு முன் எதிரியின் கவசம் பயன்படாது. நம் 'உருக்கு' என்ற சொல்லின் உறவுதான் ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ் ஆனது என்பார்கள்.

முதன்முறை திராவிடர்களைத் தேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கிய இரவு. ஒரு வில்லேஜரைச் சொடுக்கினேன். அவர் தமிழில் பேசினார்.

மரத்தைக் காட்டினேன். தமிழில் பதில் சொல்லிவிட்டுக் கோடரியோடு நடந்தார். கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டேன். எத்தனை ஆண்டுகளாக எத்தனையோ மொழிகளில் எனக்குப் பதில் சொன்ன மனிதர்கள்! அவர்கள் நடுவே என் மொழி வந்தது, ஓர் அரசனின் வாயில் வரவில்லை; விறகு வெட்டப் போகிறவரின் வாயில் வந்தது. அது எனக்கு நிறைவாக இருந்தது.

8

அந்த விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனின் கதை இருக்கிறது. கப்பல்கள் கட்டி, யானைகள் சேர்த்து ஆடலாம். கங்கைவரை படை சென்றதும் 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதும் நாம் பாடப்புத்தகத்தில் படித்தவை. என் மனத்தில் ராஜேந்திரன் என்றால் கப்பல், கடாரம், வெற்றி. மங்கல் நிலம்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சில ஆண்டுகளுக்கு முன் கங்கைகொண்ட சோழபுரத்தில் நின்ற மாலையை நினைத்துப் பார்க்கிறேன். சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகரம். கோயில் நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில், அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. படை கொண்டுவந்த கங்கை நீரை ஊற்றி அரசன் வெட்டிய ஏரி சோழகங்கம். அதை நீராலான வெற்றித்தூணாகச் சொல்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. ஊர்க்காரர்களுக்கு இன்று அது பொன்னேரி.

இந்த விளையாட்டில் ஒரு கோட்டைக்குக் கல் 650 வேண்டும். கல்லைச் சேர்ப்பதும் கட்டுவதும் உண்டு. கட்டியது விழுந்தால் சிறிது நேரம் இடிபாடு கிடக்கும், பிறகு புல். அந்தக் கல் எங்கே போனது என்று விளையாட்டு சொல்வதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்கள் எங்கே போயின என்று வரலாறு சொல்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கோயிலின் சுற்றுமதிலைப் பிரித்து அந்தக் கற்களைக் கொண்டுபோனார்கள். ஒரு பேரரசன் எழுப்பிய மதில் போனது பெரிய இழப்பு; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே போய்ப் பார்க்காதவரை, அந்தக் கல் மதிலாகவே நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜேந்திரன் கதையை ஆடுகிறவர்கள் ஒருமுறை அந்த ஊருக்கும் போய்வாருங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே அணைக்கரைக்கும் போங்கள். கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வயலுக்குப் போகிறது.