ஆற்றலுக்கு அளவுண்டோ?

கெர்லிங்கை ஊர் எனலாம். நகரம் என்பது மிகை. கோலகுபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே, பழைய கூட்டரசுச் சாலையோரமாகச் சில கடைகள். அவற்றுக்கு அப்பால், ஒரு காலத்தில் பால்மரமும் இன்று செம்பனையுமாக விரிந்து கிடக்கும் தோட்டங்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர் அவசரக்காரர்கள் இவ்வழியை மறந்தனர். சாலையில் வரும் மோட்டார் சைக்கிள் யாருடையது என்று ஒலியைக் கொண்டே சொல்லிவிடும் முதியோர் இங்கு இன்னும் உளர்.

அவ்வாறு அடையாளம் தெரியாத ஓர் ஒலியுடன் சென்ற தீபாவளி விடுமுறையில் என் வாசலில் வந்து நின்றான் பழைய மாணவன் ஒருவன். வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, கால்களை முன்னே நீட்டி அமர்ந்து நெடுந்தூரம் செல்வதற்கென்றே அமைந்த குரூசர் வகை. கையில் ஒரு தாள் வைத்திருந்தான். எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட எவ்வெவற்றை மாற்றலாம் என்று பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல் அது: காற்று தடையின்றிப் புகும் வடிகட்டி, அடைப்பு நீக்கிய புகைக்குழாய், எரிபொருள் அளவைத் திருத்தும் மின்கருவி, வேறு வடிவக் கேம் தண்டு, இறுதியாகப் பெரிய பிஸ்டன்.

“ஐயா, அப்பா உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னார்” என்றான்.

தமிழாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? அவன் தந்தைக்கு எஞ்சினைப் பற்றி என்னைவிட நன்கு தெரியும். ஹோண்டா சி70 ஒன்றில் இருபுறமும் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டியவர் அவர். எது முடியும் என்பதை அவர் கேட்கவில்லை. எது தகும் என்பதைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

‘போதும் என்ற மனமே பொன்’ என்று சொல்லி அனுப்புவது எளிது. அச்சொல் நாவின் நுனிவரை வந்தது. ஆனால், தோட்டத்தில் பிறந்தவனுக்குப் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? மூன்று தலைமுறையாக அவனுடைய மக்களுக்குப் பிறர் சொல்லி வந்த சொல் அன்றோ அது! லயத்து வீடு போதும், ஆறாம் வகுப்பு போதும், இக்கூலி போதும் என்று சொன்னவர் எவரும் தமக்குப் போதும் என்று நிறுத்திக்கொண்டதில்லை. மனநிறைவு ஒருவன் தானே எய்தும்போது அறம். பிறன்மேல் சுமத்தப்படும்போது அது வேலி. மேலும் வேண்டும் என்னும் அவன் விருப்பத்தை நான் பழிக்க மாட்டேன்.

ஆயினும், எதில் மேலும் என்று கேட்பது வேலி ஆகாது. எனவே பட்டியலையே எடுத்து இருவரும் ஆராயத் தொடங்கினோம்.

எஞ்சின் காற்றை உண்டு வாழ்வது. அதிகக் காற்றை உள்ளே விட்டு, அதற்கேற்ற எரிபொருள் சேர்த்து, புகையை விரைந்து வெளியேற்றினால் ஆற்றல் கூடும். பட்டியலிலுள்ள அனைத்தும் இவ்வொன்றன் பல வடிவங்களே. ஆனால் அந்த ஆற்றல் எந்தச் சுழற்சியில் கூடுகிறது என்பதுதான் வினா. இவ்வண்டியின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் நீளம் 85.8 மில்லிமீட்டர். விட்டத்தினும் வீச்சு நீண்ட எஞ்சின் நிதானமாகச் சுழன்று கனமாக இழுப்பதற்கென அமைந்தது. இதன் முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர். அது நிமிடத்திற்கு 4,000 சுழற்சியிலேயே உச்சத்தை அடைகிறது. குதிரைத்திறனோ ஏறக்குறைய 20. அதன் உச்சம் 6,100 சுழற்சியில். அந்நிலையில் பிஸ்டன் சராசரியாக நொடிக்குப் 17 மீட்டருக்கு மேல் ஓடி, ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புகிறது. அதற்கும் மேலே விரட்டினால், இணைப்புத் தண்டின் மேல் விழும் விசை சுழற்சியின் இருமடியாகப் பெருகும். வடிகட்டியும் புகைக்குழாயும் தரும் ஆதாயத்தின் பெரும்பகுதி, குரூசர் ஓட்டுபவன் அரிதாகவே செல்லும் அந்த மேல்நிலையில்தான் கிடைக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் கூடக் கூடக் காற்று எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடியாக வளர்கிறது. எனவே குதிரைத்திறனை இரட்டிப்பாக்கினாலும் உச்ச வேகம் ஏறத்தாழக் கால் பங்குதான் கூடும். நிறுத்துவதற்கான தூரமோ வேகத்தின் இருமடியாக நீள்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் செல்பவன் 110க்கு மாறினால், பிரேக் பிடித்தபின் வண்டி உருளும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பெறுவது சுருங்கி, கொடுப்பது பெருகும் இவ்வாணிகத்தை இயற்கை வகுத்திருக்கிறது. பட்டறைக்காரர் தாளில் அதற்குப் பத்தி இல்லை.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்னும் உவமை அதில்தான் வருகிறது. எளியவரும் பலராகத் திரண்டால் வலியவன் வீழ்வான் என்று பகைவர்மேல் ஏற்றியே அதை வகுப்பில் விளக்குவோம். அன்று எனக்கு வண்டியே கண்முன் நின்றது. பட்டியலிலுள்ளவை ஒவ்வொன்றும் ஓர் இறகே. இவ்வடிகட்டியால் என்ன கெடும்? இக்கேம் தண்டால் என்ன கெடும்? எவ்விறகும் தனியாகக் குற்றவாளி அன்று. அச்சோ பேசாது; சங்கிலி, கிளட்ச், பிரேக், டயர் ஆகியன பழைய ஆற்றலுக்கென வடிக்கப்பட்டவை; அவற்றிடம் யாரும் இசைவு கேட்பதில்லை.

இதுவரை சொன்னவை அறிவு பற்றியன. ஒருவன் தன் பணத்தையும் தன் எஞ்சினையும் கெடுத்துக்கொள்வது பேதைமையாகலாம், தீமையாகாது. தீமை தொடங்குவது அடுத்தவன் வரும் இடத்தில். அடைப்பு நீக்கிய புகைக்குழாயின் பயனில் பெரும்பங்கு ஒலியே என்பதை அவனே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். அவ்வொலியைக் கேட்க விரும்புபவன் ஒருவன். கேட்டே ஆக வேண்டியவர், விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்ல வேண்டிய ஒரு லயம் முழுவதும். சாலையில் வேகமும் அத்தகையதே. மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பின்னால் அமர்ந்து சென்றவரும் அவர்களுள் அடங்குவர். குதிரைத்திறனைத் தெரிவு செய்தவர் அவரல்லர். சாலைப் போக்குவரத்துத் துறையின் இசைவின்றி எஞ்சினை மாற்றிய வண்டிக்குக் காப்புறுதி மறுக்கப்படவும் கூடும்.

“அப்படியென்றால் ஒன்றுமே செய்யக் கூடாதா, ஐயா?” என்று கேட்டான். குரலில் வருத்தம் இருந்தது.

எதற்காக ஆற்றல் வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கோலகுபு பாருவிலிருந்து சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டைக் கடந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், தாயைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போகும்போது வண்டி திணறுகிறதாம். அம்மாவுக்கு மலைக்குளிர் பிடிக்கும். ஆண்டு முழுதும் செம்பனைக் காட்டு வெக்கையில் உழைத்தவர். இதைக் கேட்டதும் என் எண்ணம் மாறிற்று. இது ஆரவாரம் அன்று, தேவை. ஆனால் இதற்கு வேண்டியது உச்சக் குதிரைத்திறன் அன்று, தாழ்ந்த வேகத்தில் சக்கரத்தை அடையும் இழுவிசை. பின்சக்கரத்தில் பல் சற்று மிகுந்த பற்சக்கரத்தைப் பொருத்தினால் உச்ச வேகத்தில் சிறிது குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். அவ்வழியை அறிந்திருந்தும், அதில் பெருமை இல்லை என்பதால் அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

டயரையும் பிரேக் கட்டையையும் முதலில் மாற்றுவது, பிறகு பற்சக்கரம், புகைக்குழாய் இருந்தபடியே இருக்கட்டும் என்று தாளின் பின்புறம் எழுதினோம். பெரிய பிஸ்டனை மட்டும் அவன் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டான். அடிக்குமாறு நான் வற்புறுத்தவும் இல்லை. மாத இறுதியில் தாயை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பாதை வளைவில் மறையும்வரை அவ்வொலியைக் கேட்டுக்கொண்டே நின்றேன். உண்மையைச் சொன்னால், அது நன்றாகத்தான் இருந்தது.