ஓய்வு நேரமும் ஓர் அமானத்தே!

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் சென்னைப் பட்டணத்திற்கு ஒரு புதுக்களை வந்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகிறார்கள். கடைவீதிகளில் நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. மெரினா கடற்கரை, பொருட்காட்சி, புத்தகக் கண்காட்சி, வண்டலூர் மிருகக்காட்சி சாலை என்று, கிறிஸ்துமஸில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் நகரமே வீட்டுக்கு வெளியில்தான் இருக்கிறது. வெளியூர்களிலிருந்தும் உறவினர் வீடுகளைத் தேடிக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள்.

இந்நாட்களில் நம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகிறது. "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், வாப்பா" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "அதெல்லாம் வீண் வேலை, மார்க்கப் பற்றுள்ளவர்களுக்கு ஆகாது" என்கிறார் வீட்டுப் பெரியவர். கல்லூரியில் படிக்கும் மகனோ, "தொழுகை, நோன்பு என்றால் மார்க்கத்தைக் கேட்கலாம். பொழுதுபோக்கில் மார்க்கத்திற்கு என்ன வேலை?" என்கிறான்.

இவ்விருவர் பேச்சும் எதிரும் புதிருமாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே கருத்துதான். ஓய்வு நேரம் என்பது மார்க்கத்தின் எல்லைக்கு வெளியே கிடக்கும் ஒரு புறம்போக்கு நிலம் என்று இருவருமே எண்ணுகிறார்கள். அதனாலேயே ஒருவர் அதை வெறுக்கிறார். அதனாலேயே மற்றவர் அதை விரும்புகிறார். அந்த எண்ணம் சரிதானா என்பதையே நாம் ஆராய வேண்டும்.

மகிழ்வது குற்றமா?

ஹன்ளலா (ரலி) என்னும் நபித்தோழர் ஒருமுறை, தாம் நயவஞ்சகராகிவிட்டதாகக் கலங்கினார்கள். நபி (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது சுவனமும் நரகமும் கண்முன்னே நிற்பதுபோல் இருக்கிறது. வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்துவிட்டால் பெரும்பகுதி மறந்துபோகிறது என்பதே அவர்களின் கவலை. இதே நிலை தமக்கும் உண்டு என்றார்கள் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள். இருவரும் சென்று முறையிட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மனித உள்ளத்திற்கு அதற்கொரு நேரமும் இதற்கொரு நேரமும் உண்டு என்ற கருத்தைக் கூறித் தேற்றினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான செய்தி இது.

பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு நடத்தினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க, மறைவாக நின்று உதவியவர்கள் அண்ணலார் (ஸல்) அவர்களே. 'போதும்' என்று அவசரப்படுத்தவில்லை. அன்னையவர்களுக்கே அலுக்கும்வரை அங்கே நின்றார்கள். உலகம் அனைத்துக்கும் வழிகாட்ட வந்தவர்களுக்கு வேறு அலுவல் இல்லாமலா போயிற்று? வீட்டாரின் மகிழ்ச்சிக்காகச் செலவிட்ட அந்த நேரத்தை அவர்கள் வீண் என்று கருதவில்லை என்பதன்றோ பொருள்!

ஆகவே மகிழ்வது குற்றம் என்பார் கூற்றுக்கு நபிவழியில் ஆதாரம் இல்லை.

கணக்கில்லாத நேரம் உண்டா?

அப்படியானால் அந்தக் கல்லூரி மாணவனின் வாதம் வென்றுவிட்டதா? இல்லை. மனிதர்களில் பலர் இழப்புக்குள்ளாகும் அருட்கொடைகள் இரண்டு. ஒன்று ஆரோக்கியம், மற்றொன்று ஓய்வு என்பது புகாரியில் காணப்படும் நபிமொழியின் கருத்தாகும். ஓய்வை அருட்கொடை என்று சொன்ன பிறகு அது நம் சொந்தச் சொத்தாக இருக்க முடியுமா? கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். கொடுத்ததைக் கேட்கும் நாளும் இருக்கிறது. அது அமானத், நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அமானத்தை அனுபவிக்கக் கூடாது என்பதில்லை. ஒப்படைத்தவன் விதித்த வரம்புக்குள் அனுபவிக்க வேண்டும். அதில் உரிமையுள்ளோரின் பங்கைப் பறிக்கக் கூடாது. அந்தப் பங்குகள் யாவை?

முதற்பங்கு அல்லாஹ்வுடையது. டிசம்பர் இறுதியில் சென்னையில் ஏறத்தாழ 5.50 மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் மூன்றரை மணிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் குடும்பம், வழியில் எங்கே தொழுவது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்காவிட்டால் அஸரும் மஃரிபும் போயிற்று! பிரயாணத்தில் இருக்கிறோம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். வண்டலூர் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். சென்னைவாசிக்கு அது மார்க்கம் கூறும் பிரயாணம் ஆகாது. திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்குக் கஸ்ருச் சலுகை உண்டு. ஆனால் அவரும் ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களும், ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களும் தங்க எண்ணிவிட்டால் முழுமையாகவே தொழ வேண்டும். மெரினாவுக்குப் போகிறவர்களுக்கோ சாக்கே இல்லை. 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் அருகில் திருவல்லிக்கேணியிலேயே இருக்கிறது.

இரண்டாவது பங்கு மனிதர்களுடையது. காணும் பொங்கலன்று மெரினாவில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. பிள்ளைகள் தொலைந்துவிடாதிருக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் அவர்கள் கையில் கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அன்று அவர்களுக்கு விடுமுறை இல்லை. மறுநாள் விடியும்போது டன் கணக்கில் குப்பை மணலில் கிடக்கிறது. மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் குனிந்து குனிந்து அள்ளுகிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று ஓதிய நாம், நாம் தின்ற பொட்டலத்தையே பாதையில் எறிந்துவிட்டு வரலாமா?

அண்டை வீட்டுக் கிறிஸ்தவ சகோதரர்களுக்கும் நம்மீது உரிமை உண்டு. ஈஸா (அலை) அவர்களை நாம் நபியாகக் கண்ணியப்படுத்துகிறோம். அவர்களை இறைமகனாகக் கொள்ளும் வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் வழிபாட்டில் கலவாதிருப்பது வேறு. அண்டை வீட்டாரிடம் முகம் திருப்பிக்கொள்வது வேறு. நம்மோடு பகை கொள்ளாதவர்க்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் இறைமறை தடுக்கவில்லை.

மூன்றாவது பங்கு நம் உள்ளத்துடையது. போய் வந்த பின் அதில் என்ன மிஞ்சுகிறது? ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்று நோக்கச் சொல்கிறது குர்ஆன். மிருகக்காட்சி சாலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதை நினைவூட்டும் தந்தைக்கு அந்த நடையே இபாதத் ஆகும். கூண்டுக்குள் கல்லெறியும் பிள்ளையைக் கண்டு சிரிக்கும் தந்தைக்கோ, பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்டதற்காகத் தண்டனை பெற்ற பெண்ணின் வரலாற்றை நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் உயிரினக் காட்சியைத் தொடங்கியபோது, அதற்கு வித்தாக அமைந்தவை கர்நாடக நவாப் வழங்கிய மிருகங்களே. அக்காட்சிசாலைதான் 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. 1977-இல் முதலாவது சென்னைப் புத்தகக் கண்காட்சி நடந்ததும் அண்ணா சாலையில் உள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்திலேதான். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்நகரம் தங்களுக்கும் உரியது, தங்கள் முன்னோர் இதற்குக் கொடுத்தவர்கள் என்ற உணர்வு அவர்களிடம் வளரும்.

இதற்கு மாறாக, டிசம்பர் 31 நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் கூச்சலிட்டுப் பறக்கும் வாலிபன் என்ன கொண்டுவருகிறான்? ஆயுளில் ஓராண்டு கழிந்தது. கணக்குப் பார்க்க வேண்டிய இரவில் உயிரையே பணயம் வைக்கிறான். தன் உயிரை மட்டுமா? தெருவில் போகும் அந்நியரின் உயிரையும் அல்லவா!

தடுக்கும் பெரியவர்களுக்கு

ஈற்றாக, "கூடாது" என்று சொல்லும் குடும்பத் தலைவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். ஆண்டு முழுவதும் மாலையில் தேநீர்க் கடை முன் நண்பர்களோடு அமர்ந்து பேசுகிறீர்கள். அது பொழுதுபோக்கில்லையா? அந்த நேரத்தில் உங்கள் இல்லாள் அடுப்படியில் நிற்கிறாள். வருடத்தில் ஒரு நாள் அவள் கடற்காற்று வாங்க விரும்பினால் மட்டும் தக்வா நினைவுக்கு வருகிறதே, ஏன்? கூட்டத்தில் அலைய வேண்டும், பிள்ளைகளைத் தூக்க வேண்டும், செலவு செய்ய வேண்டும் என்ற நம் சோம்பலுக்கும் கஞ்சத்தனத்திற்கும் மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது அமானத்தைப் பேணுவதாகாது. இப்படித் தடுக்கப்பட்டு வளரும் பிள்ளை, மார்க்கம் என்றாலே மூடிய கதவு என்று பாடம் படித்துக்கொள்கிறான். கதவு திறக்கும் வயது வந்ததும் அவன் நேரே போவது அந்த நள்ளிரவுத் தெருவுக்குத்தான்.

அழைத்துச் செல்லும் நாளிலும் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் உல்லாசமாக இருக்க, தாய் மட்டும் ஸுப்ஹுக்கு முன்பே எழுந்து பத்துப் பேருக்குப் புளிச்சோறு கட்டி, அங்கேயும் பரிமாறி, வீடு திரும்பிப் பாத்திரம் துலக்குகிறாள் என்றால், அது குடும்பத்தின் விடுமுறை அல்ல. அவளுடைய இரட்டை வேலை. அன்றேனும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வேலைகளில் நபி (ஸல்) அவர்களே உதவியிருக்கிறார்கள் அன்றோ? வண்டியில் இடமிருந்தால், அழைத்துச் செல்ல ஆளில்லாத யத்தீம் பிள்ளை ஒன்று சொந்தத்திலோ மஹல்லாவிலோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவோடு செலவிட்டு, வக்து தவறாமல் தொழுது, பிறருக்குத் தொல்லை தராமல், வீட்டாரின் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டு திரும்பும் ஒரு மாலைப்பொழுது மறுமையின் தராசில் கனக்கும் என்றே நாம் நம்புகிறோம். நமக்கு ஓய்வைத் தந்த வல்ல அல்லாஹ், அதன் கணக்கை ஒப்படைக்கும் நாளில் நம் அனைவரையும் தலைகுனியாமல் நிற்கச் செய்வானாக! ஆமீன்.