பணியிடத்தில் அபயதானம்



இல்லறத்தார்க்குரிய அஹிம்சா அணுவிரதத்தை வகுத்துரைத்த ஆசார்ய சமந்தபத்திரர், மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரோடு உடன்படுதல் என்னும் மூவகையாலும் வேண்டுமென்றே உயிர்க்கு ஊறு விளைவியாமையே விரதம் என்றார். முன்னிரண்டையும் நாம் நன்கறிவோம். மூன்றாவதோ, நாம் அறியாமலே நம் விரதத்தைக் குலைப்பது. தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளன் ஒரு பெண்ணிடம் தகாத சொல் கூறுகிறான். உடன் உழைப்போர் பிழைப்பு போய்விடுமென அஞ்சித் தலைகுனிகின்றனர். அவர்தம் மௌனம் அச்சத்தால் வந்தது. அறிந்தும் அறியாதார்போல் இருக்கும் உரிமையாளரின் மௌனமோ உடன்பாடேயாகும்.

கொடும்பாளூர் மூவர் கோயிலை எழுப்பிய பூதி விக்கிரமகேசரி, தன் தேவியரான கற்றளி, வரகுணை இருவர் பெயராலும் விமானம் எடுத்தான் எனக் கல்வெட்டு கூறுகிறது. கல்லிலே பெயர் பெறுவது அரசியர்க்குக் கிட்டிய சிறப்பு. இன்று அவ்வூரிலும் விராலிமலைச் சுற்றுப்புறத்திலும் உழைக்கச் செல்லும் பெண் வேண்டுவது, அச்சமின்றிச் சென்று அச்சமின்றித் திரும்புதல் ஒன்றே.

சந்தனையின் சரிதத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அரச குலத்தில் பிறந்து, கவர்ந்து செல்லப்பட்டு, கௌசாம்பியில் ஒரு வணிகர் மனையில் அடைக்கலமான அவளை, அவ்வணிகரின் மனைவி ஐயுற்று விலங்கிட்டு வருத்தினாள். பகவான் மகாவீரர் அவள் கையால் ஆகாரம் ஏற்றருளினார். பின்னர் அவளே ஆர்யிகைகளின் சங்கத்திற்குத் தலைவியானாள். பகவான் அவள்பால் குற்றம் தேடவில்லை. முதலில் மதிப்பு மீண்டது. பின்பு பொறுப்பும் வந்தது. துன்புற்றவளை ஆதரிக்கும் முறை இதுவே.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு பெண்ணின் கண்ணீரிலிருந்தே பிறந்தது. இராஜஸ்தானத்தில் அரசின் மகளிர் நலப் பணியாளராயிருந்த பன்வாரி தேவி, குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றமையால் 1992-இல் கொடுமைக்குள்ளானார். அதனையொட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2013-இல் அது சட்டமாயிற்று. பத்துப் பேர் பணிபுரியும் இடமாயின் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேரேனும் பெண்களாதல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெறல் வேண்டும். புகாரை மூன்று மாதத்துள் தருதல் முறை. விசாரணை 90 நாளில் முடிதல் வேண்டும். அதுவரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ அவள் கோரலாம். அவள் பெயரை வெளியிடலாகாது. சிறு கடையில் உழைப்பவளும் வீட்டு வேலை செய்பவளும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை நாடலாம். ஆகவே நம் அடுக்களையும் ஒரு பணியிடமே என்பதை மறவற்க.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையில் உழைத்த இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். ஆலையின் மேற்பார்வையாளன் மீதே குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாது போராடியதன் பயனாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. தொழிலாளர்களுள்ளேயே சிலர் கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றனர். முறையிட்டவரைப் பழிவாங்குதல் தடுக்கப்பட்டது. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் பொறுப்பேற்றன. ஓருயிர் போனபின் வந்த இவ்வேற்பாடு, மற்ற ஆலைகளில் உயிர் போகுமுன்னே வருதல் வேண்டாவோ?

வீட்டிலே அடியுண்டு வேலைக்கு வருவாரும் உளர். நியூசிலாந்தில் அத்தகையோர்க்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்துடன் விடுப்பளிக்கும் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. நம் கடையிலும் அரிசி ஆலையிலும் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. முகம் வாடி வந்தவளைத் தனியே அமர்த்தி, அவள் சொல்வதை முழுதும் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று, குழந்தை சொல்லி முடிக்குமுன் தீர்ப்புச் சொல்லாதே என்பது. துயருற்ற பெண்ணுக்கும் அது பொருந்தும். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேளாதீர்கள். அவள் விரும்பினால் 181 என்னும் உதவி எண்ணுக்கு அழைக்கத் துணை நில்லுங்கள். அவள் வாராத நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றனையும் நாம் பருவந்தோறும் செய்து வருகிறோம். நான்காவதைப் பெறத் தகுதியுடையார் நம் கல்லாப்பெட்டிக்கு எதிரேயே நின்று உழைக்கின்றனர். அவர்க்கு அஞ்சேல் என்போமாக.

வளர்க ஜினதருமம்!