காவலுக்கென்றே ஓர் உடம்பு

அறுவடை முடிந்த கரிசல் புஞ்சையில் கிடை போட்டிருக்கும் இரவில், நாய் பார்க்கும் வேலை வெளியாளின் கண்ணுக்கு வேலையாகவே படாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஆட்டுக்கிடைக்கு இன்றும் மதிப்பு உண்டு. புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். அதற்காகவே நிலத்துக்காரர் மந்தையை நடத்தும் கீதாரிக்குக் கூலி கொடுக்கிறார். ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிப் படுத்திருக்க, நாய் கிடையின் ஓரத்தில் காற்றுக்கு மூக்கை நீட்டிக் கிடக்கும். கண்மாய்க் கரைக் கருவேலங்காட்டில் நரிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும், இரண்டு குரல் கொடுக்கும், நரி விலகியதும் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்ளும். நரியை விரட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓடுகிற நாயால் கிடைக்குப் பயனில்லை. அது ஓடிய நேரத்தில் இன்னொரு நரி குட்டியைத் தூக்கிவிடும். எழுந்து நிற்கவும் வேண்டும், விலகாமல் இருக்கவும் வேண்டும். இந்தக் கடமையை இந்த நாய்க்கு யார் விதித்தது? பிறக்கும் முன்பே பணியை உடம்பில் எழுதி ஓர் உயிரை உலகுக்குக் கொண்டுவர மனிதனுக்கு உரிமை உண்டா? உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது கடனோடு சேர்ந்து வரும் உரிமை. காவல் நாயின் கடமை என்று நாம் பேசுவதெல்லாம் உண்மையில் அதை உருவாக்கியவன் பட்ட கடன் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், காவல் நாய் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கவேண்டும். மூர்க்கத்தைக் கூட்டினால் காவல் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆதாரம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் துருக்கி, இத்தாலி, யூகோஸ்லாவியா நாடுகளின் மந்தைக் காவல் நாய்களைக் கொண்டுவந்து பண்ணைகளில் விட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் கண்ட இலக்கணம் மூன்று: மந்தையை விட்டு விலகாத கவனம், மந்தைக்குத் தானே தீங்கு செய்யாத நம்பகம், அந்நியம் எதிர்ப்பட்டால் தடுத்து நிற்கும் காப்பு. உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்று ஓநாயிடம் சங்கிலியாக வரும் வேட்டை நடத்தை இந்த நாய்களிடம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது ஒரு பாதி. குட்டிப் பருவம் மறு பாதி. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை எந்த உயிர்களோடு குட்டி பழகுகிறதோ அவற்றையே தன் கூட்டமாக ஏற்கிறது என்று ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்கள். ஆக, ஆட்டோடு வளர்ந்த குட்டிக்கு ஆடே உறவு. நாம் விசுவாசம் என்று புகழ்வது, குட்டியைக் கேட்காமலே நாம் அமைத்துக் கொடுத்த உறவின் விளைவு. அதனால் அந்த அன்பு பொய்யாகிவிடாது. ஆனால் அதை நாயின் நன்றிக்கடன் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

இந்த ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டமே இதற்குச் சாட்சி சொல்லும். ராஜபாளையம் நாய் இம்மாவட்டத்து ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால் தலையும் வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒடிசலான வேட்டை நாய்கள். ராஜபாளையமும் தேனிப் பக்கத்துக் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை. ராஜபாளையம் நாயின் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வரும். நம் நாட்டு நாய்களில் இது நல்ல உயரம். ஆனால் வளர்த்தவர்கள் காவலோடு நின்றுவிடவில்லை. பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் வேண்டும் என்றார்கள். நிறம் கலந்த குட்டிகளைப் பிறந்தவுடன் கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. வெள்ளைக்கு உடம்பு ஒரு விலை கேட்டது. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால் குட்டி பிறவிச் செவிடாகிறது. இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். தாய்மடியில் கிடக்கும் குட்டிகளின் பின்னால் நின்று கை தட்டினால் மற்றவை தலையைத் திருப்பும், ஒன்று மட்டும் திரும்பாமல் பால் குடித்துக்கொண்டிருக்கும். காவலுக்கென்று உருவாக்கிய உயிரின் காதையே அழகுக்காகப் பறித்தது வினையின் விதியா, வளர்த்தவரின் விருப்பமா?

பேருருவ இனங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நாயின் உடல் அளவில் ஐஜிஎஃப்-1 என்ற ஒரே மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 2007இல் தெரியவந்தது. மிகச் சில மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தே உருவத்தை ஏற்றவோ இறக்கவோ முடிகிறது. அதனால்தான் சில தலைமுறைகளிலேயே மனிதனால் பேருருவை எட்ட முடிந்தது. ஆனால் உடம்பு பெருத்த அளவுக்கு ஆயுள் நீளவில்லை, குறைந்தது. சிறு நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழும்போது கிரேட் டேன் போன்றவை எட்டு ஆண்டைத் தாண்டுவதே பெரிது. இடுப்பு மூட்டுக் கோளாறும் எலும்புப் புற்றும் வயிறு முறுக்கிக்கொள்வதும் பெரிய நாய்களிடம் கூடுதல். பனிமலையில் ஓநாயோடும் சிறுத்தையோடும் மோதுவதற்கு அடர்ந்த மயிரும் பெரிய உடம்பும் வேண்டியிருந்தன. இமயத்து இடையர்கள் தங்கள் நாயின் கழுத்தில் இரும்பு முள் பட்டையும் கட்டினார்கள். நம் கரிசலில் அந்த உடம்புக்கு வேலையும் இல்லை, அதற்குப் போடச் சோறும் இல்லை. கூழும் மிச்சமும் தின்று, சித்திரை வெயிலில் மந்தையோடு நடக்கக்கூடிய நாயைத்தான் இந்த நிலம் விட்டுவைத்தது. 2024இல் தமிழக அரசு வகுத்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட இனங்களில் திபெத்திய மாஸ்டிஃபும் செயின்ட் பெர்னார்டும் இருந்தன. அரசுக் கோப்பு அப்போது சொன்னதைக் கீதாரியின் சோற்றுப்பானை எப்போதோ சொல்லிவிட்டது.

இந்தச் செய்திகளை எடைபோட நம் சமயத்திலேயே ஒரு தராசு இருக்கிறது. சுந்தரர் பதிகம் பெற்ற திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் நிற்கும் மண் இது. சைவ சித்தாந்தம் இங்கே வெளியூர்ச் சரக்கல்ல. சித்தாந்தத்தின்படி உயிரை யாரும் படைக்கவில்லை, அது அநாதி. இறைவன் தருவது தனு, கரணம், புவனம், போகம்: உடம்பு, கருவிகள், உலகம், நுகர்பொருள். அவற்றையும் தன் தேவைக்காகத் தருவதில்லை. அவனுக்குத் தேவை என்று ஒன்றும் இல்லை. மலம் என்னும் அழுக்கில் கட்டுண்ட உயிர் பக்குவப்படவே உடம்பு தருகிறான். உயிர்களுக்கு உடம்பு வகுக்கும் தொழிலில் இனம் உருவாக்குபவனும் ஒரு கை வைக்கிறான். எந்த உடம்பு, எந்தக் காது, எந்த எலும்பு, எந்தச் சுபாவம் என்று அவன் தேர்கிறான். வித்தியாசம் ஒன்றுதான்: அவன் அதைத் தன் பயத்துக்காகவும் தன் பெருமைக்காகவும் செய்கிறான். இறைவனின் தொழிலில் கை வைத்தவன் இறைவனின் நியதிக்கும் கட்டுப்படவேண்டும். கொடுக்கும் உடம்பு அதில் குடியிருக்கப்போகும் உயிருக்கு நன்மையாக இருக்கவேண்டும். பிச்சையெடுத்துப் பிழைக்கும்படி ஒருவனைப் படைத்திருந்தால் படைத்தவன் மேலேயே சீறும் துணிவு வள்ளுவருக்கு இருந்தது. கடவுளையே கணக்குக் கேட்கத் தயங்காத மரபு, நாய் வளர்ப்பவனிடம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

இங்கே ஒரு சித்தாந்தியே மறுத்துப் பேசலாம். ‘அந்த உயிர் தன் முன்வினைக்குத் தக்க உடம்பைத்தான் எடுக்கிறது; செவிட்டு நாயாகப் பிறப்பது அதன் பிராரத்தம்; வளர்ப்பவன் வெறும் கருவி’ என்பார். வாதம் வலுவானதுதான். ஆனால் இது அளவுக்கு மேல் நிரூபிக்கிறது. இதை ஒப்புக்கொண்டால் கொலைகாரனும் செத்தவனுடைய வினையின் கருவிதான். எந்தக் குற்றத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. அப்படியொரு முடிவைச் சித்தாந்தம் ஏற்காது என்பதால்தான் அது ஆகாமியம் என்ற ஒன்றையும் பேசுகிறது. அனுபவிப்பது பழைய வினை. அனுபவிக்கும்போதும் அனுபவிக்க வைக்கும்போதும் புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். குட்டி எந்த வினையால் வந்ததோ, அது நமக்கு எட்டாத கணக்கு. செவிட்டுக் குட்டிகளை ஈனும் என்று தெரிந்தும் அதே சோடியை மறுபடி சேர்த்தது எட்டும் கணக்கு; அது வளர்த்தவன் பேரில்தான் ஏறும்.

இரண்டாவது மறுப்பு நாயின் பக்கம் நின்று பேசுவது: காவல் நாய் காவலில்தான் மகிழ்கிறது, அதற்கு நாம் என்ன துன்பம் செய்தோம்? மகிழ்கிறது என்பது உண்மை. அந்த உண்மைதான் நம்மை இன்னும் இறுக்கமாகக் கட்டுகிறது. மந்தையைச் சுற்றி வரும் ஆசையை உடம்பில் ஊன்றிவிட்டு, நகரத்து வீட்டின் கேட்டுக்குப் பின்னால் ஆறடிச் சங்கிலியில் கட்டுவது, பசியைக் கொடுத்துவிட்டுச் சோற்றை மறைப்பது. அந்தச் சங்கிலி எட்டும் தூரம்வரை மண் அரைவட்டமாகத் தேய்ந்திருப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அதன் உலகில் மந்தை இல்லாததால் தெருவில் போகும் ஒவ்வொருவரும் நரியாகிறார்கள். கடைசியில் யாரையாவது கடிக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை மனித உயிருக்கு ஆபத்தானவை என்று தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துருக்கிய இடையர்கள் ஆட்டை நம்பி ஒப்படைக்கும் கங்காலும் அக்பாஷும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரே நாய் அனதோலிய மேய்ச்சலில் காவலன், நம் ஊர்ச் சந்தில் கொலைகாரன். கடிபட்டவரின் வலியை இந்த விளக்கம் குறைக்காது. தெருவில் நடக்கிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் மறுபேச்சும் இல்லை. ஆனால் குற்றப்பத்திரிகையில் நாயின் இனத்தை எழுதிவிட்டு, அதை அங்கே கொண்டுவந்து கட்டியவனின் பேரை விட்டுவிட்டால் நீதி பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது மறுப்பு மரபின் பேரால் வருகிறது. நாட்டு இனங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, இப்படிக் கேள்வி கேட்டால் இருப்பதும் போய்விடும் என்கிறார்கள். நாட்டு நாய்களைப் பற்றி எழுதிய தியடோர் பாஸ்கரன் முதலானோரின் உழைப்பு இல்லையென்றால் பலருக்கு இந்தப் பெயர்களே தெரிந்திருக்காது. அந்த அக்கறை நியாயமானது. ஆனாலும் இனம் என்பது ஒரு கருத்து. அதற்குப் பசிக்காது, வலிக்காது. பசிப்பதும் வலிப்பதும் இந்த ஒரு நாய்க்கு, அந்த ஒரு நாய்க்கு. தூய வெள்ளை வேண்டுமென்று நெருங்கிய உறவுக்குள்ளேயே சோடி சேர்த்துச் செவியும் எலும்பும் கெட்ட நாய்களால் இனத்தின் பெயரைக் காப்பாற்றினால், பாத்திரம் மிஞ்சும், பண்டம் போய்விடும். கிடையும் புஞ்சைக் காவலும் உள்ள வரைக்கும் காவல் இனத்துக்கு உயிர் உண்டு. வேலை தெரிந்த, காது கேட்கிற கறுப்புக் குட்டி, போட்டியில் கோப்பை வாங்கிய செவிட்டு வெள்ளையைவிட மரபுக்கு நெருங்கியது.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் ஆழமானது. அதைச் சொல்லக்கூடியவர் பிறந்ததும் திருச்சுழியிலேயே. 1879 டிசம்பரில் அங்கே பிறந்து, 1896இல் திருவண்ணாமலை சேர்ந்த ரமணர், உடம்பு நான் அல்ல என்ற ஒற்றை அறிவில் நின்றவர். ஆன்மாவுக்கு நாயுடம்பும் இல்லை, மனித உடம்பும் இல்லை என்றால், உடம்பின் உயரத்தையும் காதையும் பற்றி இத்தனை வழக்கு எதற்கு? இதற்குப் பதில் அவர் நடந்துகொண்ட முறையிலேயே இருக்கிறது. ஆசிரமத்து நாய்களை அவர் பையன்கள் என்றே குறிப்பிடுவார், அவற்றுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று விசாரிப்பார். எந்த உயிர் எந்த மிச்ச வினையைத் தீர்க்க இந்த உடம்பில் நம்மிடம் வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் நிலை. ஜாக்கி என்ற நாய்க்கு, பசு லட்சுமிக்கு எழுப்பியது போலவே, ஆசிரமத்தில் சமாதி இருக்கிறது. உடம்பைப் பொருட்படுத்தாத ஞானம் அவருக்குத் தன் உடம்பைப் பற்றியது. பிறர் உடம்பின் பசியை அவர் மாயை என்று தள்ளவில்லை. அத்வைதத்தைக் காட்டி அடுத்த உயிரின் வலியைத் தள்ளுபடி செய்கிறவர், அவரிடம் பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறார்.

மகாபாரதத்தின் முடிவில் தருமன் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மறுக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த நாய் அவனுக்கு எதையும் காவல் காக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. நாடில்லை, வீடில்லை, மந்தையில்லை. மலைப்பாதையில் கூட வந்தது, அவ்வளவுதான். நாய் உள்ளவனுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்று இந்திரனே சொல்லியும், அண்டி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்று அவன் நின்றான். பயனில்லாத நாய்க்கே இவ்வளவு கடன் என்றால், நம் பயனுக்கென்று நாமே உருவாக்கிய நாய்க்கு எவ்வளவு? அந்தக் கடனை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்: நோவில்லாத உடம்பு, அந்த உடம்பு கேட்கும் வேலையும் வெளியும், வேலை ஓய்ந்த முதுமைக்குச் சோறு. முதலாவது இனம் சேர்ப்பவனின் பொறுப்பு, இரண்டாவது வாங்குகிறவனுடையது, மூன்றாவது இருவருக்கும் பொது. இவற்றில் ஒன்றைக்கூடத் தர வழியில்லாதவன் காவல் நாயை உருவாக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அவனுக்கு வேண்டியது பூட்டு, அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கருப்பசாமி சந்நிதியில் கல்லில் நிற்கும் நாய்க்கும் மாலை போடுகிற ஊர்க்காரருக்கு, வாசலில் உயிரோடு நிற்பதன் கணக்கைத் தீர்ப்பதும் அந்த வழிபாட்டில் சேர்ந்த கடமைதான்.