கைக்கு வேலை வைக்கும் யாத்திரை

அதிகாலையில் வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒரு சாரார் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்து, மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டு, வாழையிலையில் எள்ளும் பச்சரிசியும் சிறுபூளையும் வைத்து, இறந்துபோன தாய் தகப்பனுக்குப் பலியிடுகிறார்கள். சடங்கு முடிந்ததும் அந்த இலையைத் தலையில் ஏந்திக் கடலில் இறங்கி, அலைக்கு முதுகைக் காட்டி நின்று பின்புறமாக விட்டுவிட்டு, மூழ்கி எழுகிறார்கள். நமக்கு ஆடி அமாவாசை எப்படியோ, அப்படி மலையாளிகளுக்குக் கர்க்கடக வாவு. அன்றைக்கு இந்த மணலில் கால் வைக்க இடம் கிடைக்காது. மற்ற நாட்களிலும் பலியிடுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொரு சாரார் சர்ஃபிங் பலகையோடு வருகிறவர்கள். அவர்களில் தனியாக வரும் ஆண்களும் பெண்களும் நிறையப் பேர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த ஊருக்கு, முதுகுப் பையோடு ரயிலில் வந்து இறங்குகிறார்கள். காலையில் அலைச்சறுக்கு. வெயில் ஏறுவதற்குள் செம்பாறைக் குன்றின் விளிம்பை ஒட்டி ஓடயம், எடவா வழியாக வடக்கே நடை. கடலும் காயலும் நெருங்கி வரும் காப்பில் வரை போகலாம். மாலையில் யோகா, பிறகு சூரியாஸ்தமனம். உட்கார நேரமில்லாத நாள் அது.

ஒரே மணலில் நிற்கும் இந்த இருவரில் யார் யாத்திரிகர்? கேள்வியைக் கேட்ட உடனே பலரும் ஈர வேட்டிக்காரரைக் காட்டிவிடுவார்கள். அவர் புண்ணியம் தேடி வந்தவர், இவர் பொழுதுபோக்க வந்தவர் என்பது நம் வழக்கமான கணக்கு. இந்தக் கணக்கை நம் சமய மரபே அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டதில்லை.

அப்பர் சுவாமிகள் கங்கையையும் காவிரியையும் குமரித்துறையையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் கடல் நீராட்டையும் சேர்த்து, அங்கெல்லாம் மூழ்கி என்ன பயன் என்று கேட்டவர். ஈசன் எங்கும் இருக்கிறான் என்று உணராதவருக்குப் பயனில்லை என்பது அவர் தீர்ப்பு. கேட்டவர் வீட்டில் உட்கார்ந்திருந்தவரும் அல்லர். தள்ளாத வயதிலும் ஊர் ஊராகத் தலங்களுக்கு நடந்தவர். நடந்தபோது கையில் உழவாரம் இருந்தது. போன கோயிலிலெல்லாம் புல்லைச் செதுக்கினார், பாதையைச் சீர்செய்தார். தரிசனத்தையும் அந்த உழைப்பையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நீராட்டைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு அந்த உழவாரமே பாதி விடை.

மீதி விடை வர்க்கலாவிலேயே, கடற்கரையை விட்டு ஊருக்குள் சில கிலோமீட்டர் போனால் வரும் சிவகிரிக் குன்றில் இருக்கிறது.

அந்தக் குன்றில் பின்னாளில் கோயில் எழுப்பிய ஸ்ரீ நாராயண குரு இளமையில் நெடுங்காலம் தன்னந்தனியாக அலைந்தவர். நாகர்கோவிலுக்கு அருகே மருத்துவாழ்மலைக் குகையில் தவம் இருந்தார். தமிழ் நன்றாக அறிந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றினார், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தார். அந்தத் தனிமைப் பயணம் குகையோடு முடிந்துவிடவில்லை. 1888-ல் அருவிப்புறத்தில், கோயிலுக்குள் நுழையவே உரிமை மறுக்கப்பட்ட ஈழவ சமூகத்தில் பிறந்த அவர், ஆற்றங்கரைப் பாறைமேல் தாமே சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். சாதி பேதமும் மத வெறுப்பும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் இடம் இது என்று அங்கே எழுதி வைத்தார். 1912-ல் சிவகிரியில் சாரதைக்கு எண்கோண வடிவில் கோயில் எழுப்பினார். வழக்கமான அபிஷேகமும் நிவேதனமும் அங்கே இல்லை; வெளிச்சமும் காற்றும் நிறைய வர சன்னல்கள் இருக்கின்றன. கல்விக்குரிய தெய்வத்தின் முன் போய் உட்காரலாம், படிக்கலாம்.

1928 ஜனவரியில் அவர் கோட்டயம் நாகம்படம் கோயிலில் இருந்தபோது, சிவகிரிக்கு ஆண்டுதோறும் தீர்த்த யாத்திரை போக அனுமதி வேண்டும் என்று அன்பர்கள் வந்து கேட்டார்கள். குரு சம்மதித்தார். ஜனவரி 1-ஆம் தேதி போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார். விரதம் பத்து நாள் போதும் என்றார். உடை மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும், ஆனால் அதற்காகப் பட்டு வாங்க வேண்டாம், இருக்கிற வெள்ளை வேட்டியை மஞ்சள் நீரில் நனைத்துக் கட்டினால் போதும் என்றார். ஆடம்பரமும் வீண் செலவும் கூடாது என்றார். பிறகு அவரே திருப்பிக் கேட்டார்: இத்தனை பேர் வந்து கூடி, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன கிடைக்கும்?

யாத்திரைக்கு எட்டு நோக்கங்களை அவர் வகுத்தார். கல்வி, தூய்மை, ஈசுவர பக்தி, அமைப்பாய்த் திரள்தல், விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. ஒவ்வொன்றிலும் அறிந்தவர்களை அழைத்துப் பேசவைக்க வேண்டும்; வந்தவர்கள் அமைதியாக இருந்து கேட்க வேண்டும்; கேட்டதை ஊருக்குப் போய்ச் செய்துபார்க்க வேண்டும் என்றார். எட்டில் கடவுள் நேரடியாக வருவது ஒன்றில்தான். ஒரு துறவி, அதுவும் உடல்நலம் குன்றியிருந்த கடைசி ஆண்டில், புண்ணியத்தைப் பற்றிப் பேசாமல் வயலையும் பட்டறையையும் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி சிவகிரியில் சமாதியானார்.

1932 டிசம்பரில் இலவும்திட்டையிலிருந்து ஐந்து பேர் மஞ்சள் உடுத்திக் கிளம்பினார்கள். அதுதான் முதல் யாத்திரை. பாபநாசத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் ஜனார்த்தன சுவாமி கோயில் அப்போது அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். பழைய தலத்தின் கதவு மூடியிருந்த காலத்தில் புறப்பட்ட அந்த ஐவரின் வழியில் இன்று லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள்.

யாத்திரைக்குக் குரு வகுத்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பாபநாசத்து மணலுக்கு வரலாம். சர்ஃபிங் பலகையோடு வந்தவரை அது தள்ளிவிடுவதில்லை. புதிதாகக் கற்பவர் முதலில் மணலில் குப்புறப் படுத்து, மார்புக்கு இருபுறமும் கை ஊன்றி, ஒரே துள்ளலில் எழுந்து நிற்கத் திரும்பத் திரும்பப் பழகுகிறார். கணுக்காலில் பலகையோடு பிணைத்த கயிறு. இடுப்பளவு நீரில் பயிற்றுநர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, தோதான அலை வரும்போது தள்ளிவிடுகிறார். அலை முறியும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை என்பது கடலில் எல்லோரும் மதிக்கும் முறை. கரையில் உயிர்காப்பாளர் ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தனியாகப் புறப்பட்டவரின் நாள் இப்படிப் பிறர் உழைப்பின்மேல்தான் நிற்கிறது. பலியிடுகிறவரும் முன்னோருக்குப் பட்ட கடனைத்தான் நினைக்கிறார். இருவருக்கும் கடன் உண்டு. அதை எங்கே திருப்பித் தருவது என்பதுதான் கேள்வி.

திருப்பித் தர வேண்டிய இடம் காலடியிலேயே இருக்கிறது. வர்க்கலாக் குன்றில் மேலே துளைகள் நிறைந்த செம்பாறை, கீழே மணற்பாறையும் களிமண் அடுக்குகளும். மழைநீர் செம்பாறை வழியே இறங்கி, களிமண்ணில் தடுக்கப்பட்டு, பாறை முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. பக்தர்கள் புனிதமென்று கையில் ஏந்தும் நீர் அப்படி வருவதுதான். குன்றின் அடிப்பகுதியை இளக்கிச் சரியவைப்பதும் இதே நீர்தான். விளிம்பை ஒட்டிக் கடைகளும் விடுதிகளும் பெருகப் பெருக, பாரமும் கழிவுநீரும் சேர்ந்து சரிவு விரைவாகிறது. குருவின் பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் தூய்மை இந்த இடத்தில் சாஸ்திரப் பேச்சு இல்லை, அன்றாட வேலை. மேலே சூரியாஸ்தமனத்துக்குக் கூடுகிறவர்களும் கீழே பிண்டம் கரைக்கிறவர்களும் விட்டுப்போகும் பிளாஸ்டிக் ஒரே கடலுக்குத்தான் போகிறது.

ஆகவே யாத்திரிகர் யார் என்பதை உடையும் பலகையும் தீர்மானிப்பதில்லை. போன ஊரிடமிருந்து எதையாவது கற்று, அந்த ஊருக்கு ஏதாவது செய்துவிட்டு வருகிறவர் யாத்திரிகர். காலையில் அலையேறி, காப்பில் வரை நடந்து, போகும் வழியில் மீனவர் வலை உலர்த்தும் இடத்தில் ஒதுங்கி நடந்து, தன் குப்பையைத் தானே சுமந்து திரும்பும் தனிப் பயணிக்கும் அந்தப் பெயர் பொருந்தும். சடங்கை முடித்துவிட்டுப் பாலித்தீன் பையை மணலிலேயே விட்டுப்போகிறவருக்குப் பொருந்தாது.

வர்க்கலாவுக்குப் போக எண்ணமிருந்தால் டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரையிலான யாத்திரை நாட்களைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் இருக்கும், தங்க இடம் கிடைப்பது சிரமம். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காலையில் கடலில் ஆடுங்கள். பிற்பகலில் சிவகிரிக்கு ஏறி, விவசாயம் பற்றியோ கைத்தொழில் பற்றியோ நடக்கும் ஒரு சொற்பொழிவையாவது முழுதாக உட்கார்ந்து கேளுங்கள்.